வீட்டிலேயே பிர்ரியா, கேசபிர்ரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவின் பிர்ரியாவை வீட்டில் செய்து போடத் தொடங்கியதிலிருந்து, சாப்பிட்டுப் போனவர்கள் மறுவாரமே போன் செய்வது வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சமையலில் ஒரே சட்டியிலிருந்து மூன்று பொருள் கிடைக்கிறது: கறி, சாறு, மேலே மிதக்கும் சிவந்த கொழுப்பு. மூன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. ஏதாவது ஒன்றை வீணடித்தால் கடைசியில் தட்டில் வருவது சீஸ் வைத்த கறி ரொட்டிதான்.

பிர்ரியான்னா என்ன, கேசபிர்ரியான்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானா?

பிர்ரியா மேற்கு மெக்சிகோவில் இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்தின் கறிச் சமையல். காய்ந்த மிளகாய், பூண்டு, வினிகர், வாசனைப் பொருட்கள் சேர்த்து அரைத்த விழுதில் கறியை ஊறவைத்து, எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும்வரை மூடிய சட்டியில் வேகவைப்பார்கள். பழைய முறையில் தரையில் குழி வெட்டி, ஆனைக்கற்றாழை மடல்களைப் போர்த்தி, நெருப்பின் சூட்டில் இரவெல்லாம் விட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கும் உரிய சாப்பாடு அது.

கேசபிர்ரியா வயதில் மிகவும் இளையது. அமெரிக்க எல்லையை ஒட்டிய திஹுவானா நகரத்தில் பிர்ரியாவை மாட்டுக்கறியில், சாறு அதிகமாக வைத்துச் செய்வது வழக்கம். டோர்ட்டியா எனப்படும் மெல்லிய மக்காச்சோள ரொட்டியை அந்தச் சாற்றின் கொழுப்பில் தோய்த்துக் கல்லில் போட்டு, சீஸும் கறியும் வைத்து மடித்துச் சுட்டார்கள். 2010களின் பிற்பாதியில் லாஸ் ஏஞ்சலஸ் வண்டிக்கடைகள் வழியாகவும் இன்ஸ்டாகிராம் வழியாகவும் அது உலகம் முழுக்கப் பரவியது. கறிச்சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்தில் வைப்பார்கள். அதைக் கொன்சொமே என்பார்கள். தோய்த்துச் சாப்பிடலாம், குடிக்கவும் குடிக்கலாம்.

எங்க வீட்ல மாட்டுக்கறி கிடையாது. ஆட்டுக்கறில செஞ்சா அது பிர்ரியா ஆகுமா?

தாராளமாக ஆகும். ஹலிஸ்கோவில் பிர்ரியா என்றாலே முதலில் வெள்ளாடுதான். ஆடும் மாடும் மெக்சிகோவுக்கு ஸ்பானியர்கள் வழியாக வந்தவை. அதில் ஆட்டுக்கறிக்கென்று உருவான சமையல் இது. மாட்டுக்கறி வடக்கே போனபிறகு சேர்ந்தது. அதனால் ஆட்டுக்கறியில் செய்பவர்கள் குறைவானதைச் செய்வதாக நினைக்கவே வேண்டாம்.

முன்னந்தொடை, கழுத்து, நெஞ்செலும்பு கலந்து வாங்குங்கள். வேகும் நேரம் குறையும். இளம் ஆடு என்றால் குக்கர் இல்லாமல் சட்டியிலேயே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

மாட்டுக்கறின்னா எந்த இடத்துக் கறி வாங்கணும்? கடைக்காரர் கேட்டா என்ன சொல்றது?

எலும்பில்லாத, கொழுப்பில்லாத, பார்க்கச் சுத்தமாக இருக்கும் தொடைக்கறியை வாங்காதீர்கள். எல்லோரும் வாங்குவது அதைத்தான். அது நீண்ட நேரம் வெந்தால் வறண்ட நாராகிவிடும். மாடு அதிகம் உழைத்த இடங்கள் வேண்டும். ஒரு பங்கு எலும்போடு முழங்கால் கறி, ஒரு பங்கு தோள்பட்டைக் கறி என்று கேளுங்கள். முழங்காலில் மஜ்ஜையும் சவ்வும் உண்டு, தோள்பட்டையில் கொழுப்பு உண்டு. விலா எலும்பும் வாலும் கிடைத்தால் சாறு இன்னும் கனமாக வரும்.

துண்டு பெரிதாக இருக்கட்டும். உள்ளங்கை அளவுக்குக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள். குழம்புக்கு வெட்டுவதுபோலச் சின்னதாக வெட்டினால், பிய்த்தெடுக்க நீளமான நார் கிடைக்காது. எருமைக்கறியில் கொழுப்பு குறைவு, வேக நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். அதோடு கொஞ்சம் கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அத்தனை மிளகாய் போட்டா வாய் எரியாதா? குழந்தைங்க சாப்பிடுவாங்களா?

சாப்பிடுவார்கள். இதில் போகிற மிளகாய்களில் பெரும்பகுதி காரத்துக்காகப் போடுவது அல்ல. நிறம், கனம், பழவாசனை இவற்றுக்காக. குவாஹியோ மிளகாயின் காரம், மிளகாய்க் காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 5,000 வரைதான். ஆஞ்சோ, அதாவது பழுத்துக் காய்ந்த பொப்ளானோ மிளகாய், அதைவிடவும் சாது. உலர்திராட்சை வாசனை அடிக்கும். காரம் வேண்டுமென்றால் ஆர்போல் மிளகாய் இரண்டைச் சேர்ப்பார்கள். அது 15,000 முதல் 30,000 வரை போகும். குழந்தைகள் இருந்தால் ஆர்போலை விட்டுவிடுங்கள். தனியாக அரைத்துக் காரச் சட்னிபோலப் பெரியவர்களுக்கு வைத்துவிடலாம்.

குவாஹியோ, ஆஞ்சோ எதுவுமே எங்க ஊர்ல கிடைக்கல. காஷ்மீரி மிளகாய் போடலாமா? மிளகாய்த்தூள் போதாதா?

காஷ்மீரி மிளகாயோ பியாடகி மிளகாயோ போடலாம். நிறமும் மிதமான காரமும் கிடைத்துவிடும். ஆஞ்சோவின் இனிப்பு மட்டும் வராது. அதற்கு ஒன்றரைக் கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி கறுப்பு உலர்திராட்சையை மிளகாயோடு ஊறப்போட்டு அரையுங்கள். ஹலிஸ்கோக்காரர் சுவைத்தால் வித்தியாசம் தெரியும். ஆனாலும் அந்தத் திசையில்தான் போயிருக்கிறோம் என்பதும் தெரியும்.

மிளகாய்த்தூள் வேண்டாம். முழு மிளகாயை ஊறவைத்து அரைக்கும்போது அதன் சதை சாற்றுக்குக் கனம் தருகிறது. தூளில் அந்தச் சதை ஊறி விரியாது; சாறு நீர்த்துப்போய் அடியில் மண்டியாக நிற்கும். குழம்பு மிளகாய்த்தூள் கூடவே கூடாது. அதிலிருக்கும் மல்லி ஒன்றே இதை நம்மூர்க் கறிக்குழம்பாக மாற்றிவிடும்.

சரி, அளவும் முறையும் மொத்தமா ஒரு தடவை சொல்லிடுங்க.

ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ கறி, எலும்போடு. குவாஹியோ எட்டு, ஆஞ்சோ மூன்று, விரும்பினால் ஆர்போல் இரண்டு. மாற்று மிளகாய் என்றால் விதை நீக்கியபின் 50 கிராம். தக்காளி மூன்று, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஏழெட்டுப் பல், வினிகர் மூன்று மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு பத்து, கிராம்பு மூன்று, விரல் நீளப் பட்டை, ஓரிகனோ ஒரு தேக்கரண்டி, பே இலை இரண்டு, உப்பு.

கறிக்கு உப்புத் தடவி வையுங்கள். மிளகாயின் காம்பும் விதையும் நீக்கி, கல்லில் லேசாக வாட்டி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தக்காளி, வெங்காயம், பூண்டு மூன்றையும் எண்ணெய் இல்லாமல் அதே கல்லில் தோல் கருகும்வரை சுட்டெடுங்கள். மசாலாவை வெறுமனே வறுத்துக்கொள்ளுங்கள். பே இலை தவிர எல்லாவற்றையும் வினிகரோடு நைசாக அரைத்து, கம்பி வடிகட்டியில் தேய்த்து வடிகட்டுங்கள். குவாஹியோ தோல் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் தட்டுப்படும் என்பதால் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. விழுதைக் கறியில் பிசறி இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நல்லது. நேரமில்லை என்றால் இரண்டு மணி நேரமாவது வையுங்கள்.

பிறகு அடிகனமான சட்டியில் கறி, விழுது, பே இலை, ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, மூன்றிலிருந்து நான்கு மணி நேரம். அங்கங்கே ஒரு குமிழி எழுந்து அடங்கினால் போதும். தளதளவென்று கொதிக்க விட்டால் கறியும் வறளும், சாறும் கலங்கும். கலங்குவதால் வரும் தொல்லையைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்க சொன்ன மாதிரிதான் அரைச்சேன். விழுது ஏன் கசக்குது?

மிளகாய் கருகியிருக்கும். பெரும்பாலும் காரணம் இதுதான். மிதமான தீயில் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து இருபது நொடிகளுக்கு மேல் வேண்டாம். நிறம் சற்று ஆழமாகி வாசனை எழும்பியதும் எடுத்துவிடுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்த மிளகாயைத் தயங்காமல் தூக்கிப்போடுங்கள். ஒன்றே ஒன்று சட்டி முழுவதையும் கசக்கவைக்கும். தக்காளித் தோல் கருகலாம், மிளகாய் கருகக் கூடாது.

மிளகாய் ஊறிய தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அரையுங்கள். கசக்காவிட்டால் அதையே பயன்படுத்தலாம்.

பட்டை, கிராம்பு, சீரகம் எல்லாம் நம்ம சாமான்தானே? கரம் மசாலாவும் இஞ்சி பூண்டு விழுதும் போட்டா இன்னும் நல்லா இருக்காதா?

நல்லாத்தான் இருக்கும், ஆனால் வேறு ஒன்றாக இருக்கும். பிர்ரியாவில் மிளகாயின் பழவாசனைதான் முன்னால் நிற்க வேண்டும். பட்டையும் கிராம்பும் அதற்குப் பின்னால் இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். ஏலக்காயும் சோம்பும் உள்ளே வந்தால் மிளகாயின் வாசனை அடங்கிப்போகும். இஞ்சியைப் பொறுத்தவரை, ஹலிஸ்கோவில் ஒரு சின்னத் துண்டு சேர்ப்பவர்கள் உண்டு. துண்டோடு நிற்கட்டும்.

பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மெக்சிகோ அடுப்படிகளில் இருப்பது இலங்கையின் கறுவா. இலங்கைக் கறுவாவை உலகிலேயே அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோதான். காகிதம் காகிதமாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினால் உடையும். நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த பட்டை காசியா இனம், காட்டம் அதிகம். அதைப் போடுவதானால் பாதி அளவு போடுங்கள். இலங்கையிலிருந்து யாராவது வந்தால் கறுவா கொண்டுவரச் சொல்லுங்கள், இந்தச் சமையலுக்கு அது அவ்வளவு பொருத்தம். பிரியாணி இலையும் பே இலையும் வேறு வேறு. பிரியாணி இலையில் பட்டை வாசனை இருப்பதால் ஒன்றே போதும்.

ஓரிகனோவுக்குப் பதிலா தோட்டத்துக் கற்பூரவள்ளி போடலாமா? அதுக்கு மெக்சிகன் மின்ட்னு பேர் இருக்கே?

பெயர் இருந்தாலும் உறவு இல்லை. மெக்சிகன் ஓரிகனோ எலுமிச்சை வாசனை கலந்த வேறொரு செடியின் இலை. நம் கற்பூரவள்ளி துளசி, புதினா குடும்பம். அதைப் போட்டால் கஷாய வாசனை ஏறிவிடும். பீட்சாவோடு வரும் ஓரிகனோவை முக்கால் தேக்கரண்டி போடுங்கள், போதும்.

குக்கர்ல எத்தனை விசில்?

விசில் கணக்கு இதற்குச் சரிவராது. குக்கருக்குக் குக்கர், அடுப்புக்கு அடுப்பு மாறும். நிமிடக் கணக்கு வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயை மிகக் குறைத்து, மாட்டுக்கறிக்கு 50 முதல் 60 நிமிடம், இளம் ஆட்டுக்கு 25 முதல் 30 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீர் ஒரு லிட்டர் போதும்.

திறந்தபிறகு மூடி இல்லாமல் இருபது நிமிடம் சிறு தீயில் வையுங்கள். குக்கருக்குள் நீர் வற்றாததால் சாறு மெலிந்திருக்கும். இந்த இருபது நிமிடத்தில்தான் அது இறுகும், கொழுப்பும் மேலே வரும்.

மூணு மணி நேரமாச்சு, கறி இன்னும் ரப்பர் மாதிரி இருக்கு. கறி மோசமா?

கறி நல்ல கறிதான். இன்னும் வேகவில்லை, அவ்வளவுதான். உழைத்த தசைகளில் கொலாஜன் என்ற சவ்வுப் புரதம் நிறைய இருக்கிறது. சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும். நார்கள் முதலில் சுருங்கி இறுகும், சவ்வு கரைவது அதற்குப் பின்னால். இடையில் எடுத்துப் பார்ப்பவருக்குக் கறி கெட்டியாகிக்கொண்டே போவதுபோலத் தோன்றும். பலர் அங்கேதான் மனம் தளர்ந்து அடுப்பை அணைக்கிறார்கள்.

மேலும் ஒரு மணி நேரம் விடுங்கள். முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் எதிர்ப்பே இல்லாமல் பிரிய வேண்டும். கடிகாரத்தைவிட இந்தச் சோதனையை நம்புங்கள்.

மேல மிதக்கற எண்ணெயை எடுத்துக் கொட்டிடலாம்ல? உடம்புக்கு ஆகாதே.

தயவுசெய்து கொட்டாதீர்கள். மூன்று பொருள் என்று முதலில் சொன்னேனே, அதில் மூன்றாவது இது. மிளகாயின் சிவப்பு நிறமிகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அந்த நிறமும் வாசனையும் மேலே மிதக்கும் அந்தப் படலத்தில்தான் சேர்ந்திருக்கின்றன. டோர்ட்டியா செக்கச்சிவந்து மொறுமொறுவென்று வருவது அதனால்தான்.

கொழுப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு வழி இருக்கிறது. கரண்டியால் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துவிட்டால் குடிக்கும் சாறு தெளிந்துவிடும். டோர்ட்டியாவுக்கு ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும், தோய்க்காமல் தடவிக்கொள்ளலாம்.

பீட்சா சீஸ் போடலாமா? பனீர்?

மெக்சிகோவில் வஹாக்கா சீஸ் போடுவார்கள். இழுத்து இழுத்து நூல் பந்துபோலச் சுற்றி வைத்திருக்கும். மொசரெல்லாவும் அதே இழுவை முறையில் செய்வதுதான். அதனால் கட்டியாக விற்கும் ஈரம் குறைந்த மொசரெல்லாவை வாங்கித் துருவுங்கள். தண்ணீரில் மிதக்கும் புதிய மொசரெல்லா நீர் விடும், வேண்டாம். பனீர் உருகாது. பதப்படுத்திய சதுர சீஸ் கூழாகிவிடும்.

மக்காச்சோள மாவுல ரொட்டி தட்டினா உடைஞ்சு போகுது. டோர்ட்டியா எப்படி வருது?

கடையில் மூன்று மாவுகள் இருக்கின்றன. கார்ன் ஃப்ளோர் என்று சூப்புக்குப் போடும் வெள்ளைப் பொடி வெறும் மாச்சத்து. மஞ்சள் மக்காச்சோள மாவு அப்படியே அரைத்தது. இரண்டிலும் டோர்ட்டியா வராது. வேண்டியது மாசா ஹரீனா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்துக் கழுவி அரைத்துக் காயவைத்த மாவு அது. சுண்ணாம்பு தானியத்தின் மேல்தோலைக் கரைத்து, மாவுக்குப் பிடிமானத்தைத் தருகிறது. சோளத்தில் உடம்புக்குச் சேராமல் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தையும் விடுவிக்கிறது. மெக்சிகோவின் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காத்துவரும் அறிவு இது. இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கொண்டுபோய் அதையே உண்டு வாழ்ந்த ஐரோப்பியப் பகுதிகளில் பெலாக்ரா என்ற நோய் பரவியது.

இரண்டு கப் மாசா ஹரீனாவுக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர், சிட்டிகை உப்பு. பிசைந்து அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். எலுமிச்சை அளவு உருண்டையைப் பாலிதீன் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்துத் தட்டையான பாத்திரத்தால் அழுத்தி, சூடான கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை.

அதுவும் கிடைக்கல. வெத்தலை சுண்ணாம்புல நாமே செய்யலாமா? இல்லன்னா சப்பாத்தியே போதுமா?

வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். வாசனையும் நிறமும் சேர்க்காத, சாப்பிடத் தகுந்த சுத்தமான வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம், தண்ணீர் மூன்று லிட்டர். தானியம் மூழ்கி ஒரு மணி நேரம் சிறு தீயில் வேகட்டும், இரவு முழுக்க ஊறட்டும். காலையில் தோல் போகத் தேய்த்து நாலைந்து தண்ணீரில் அலசி, கிரைண்டரில் கெட்டியாக அரையுங்கள். ஸ்வீட் கார்னிலும் பாப்கார்ன் சோளத்திலும் வராது. அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும்.

மைதா டோர்ட்டியாவோ சப்பாத்தியோ வைத்தும் சாப்பிடலாம். வடமெக்சிகோவில் கோதுமை டோர்ட்டியா அன்றாட உணவு. ஆனால் தோய்த்தால் தொளதொளவென்று ஆகிவிடும். கல்லில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் சப்பாத்தியைப் போடுங்கள்.

கல்லுல போட்டா சவசவன்னு ஆகுது, இல்லன்னா ஒட்டிக்கிட்டுப் பிய்யுது.

கறி ஈரமாக இருக்கிறது. பிய்த்த கறியை வடிகட்டியில் பத்து நிமிடம் விட்டு, பலகையில் வைத்துக் கொத்துங்கள். டோர்ட்டியாவைத் தோய்ப்பது கொழுப்பில்தான், சாற்றில் இல்லை. கரண்டியை ஆழமாக விட்டால் தண்ணீரும் சேர்ந்து வரும், அப்போதுதான் ஒட்டும்.

நன்கு எண்ணெய் பழகிய தோசைக்கல் இதற்கு அருமை. மிதமான தீ. தோய்த்த டோர்ட்டியாவைப் போட்டதும் முழுக்க சீஸ் தூவுங்கள். அது உருகத் தொடங்கியதும் பாதியில் கறி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. மடித்து, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். ஓரத்தில் வழிந்த சீஸ் பொரிந்து வலைபோலக் காயும். அதைச் சுரண்டி எறியாமல் சேர்த்தே எடுங்கள். எலுமிச்சையும் சூடான சாறும் பக்கத்தில் இருக்கட்டும்.

இருபது பேர் வர்றாங்க. முன்னாடியே செஞ்சு வைக்கலாமா?

முந்தின நாளே செய்வதுதான் நல்லது. கறியை எலும்பிலிருந்து எடுத்து, கொஞ்சம் சாற்றில் மூழ்கவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். பெரிய சட்டியாக அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆறாது, அகலமான பாத்திரங்களில் பிரியுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும், உறைநிலையில் இரண்டு மூன்று மாதம். மறுநாள் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும், எடுப்பது சுலபம். கேசபிர்ரியாவை மட்டும் ஆட்கள் உட்கார்ந்தபிறகு சுடுங்கள்.

சைவம் சாப்பிடறவங்களுக்கு?

பிஞ்சுப் பலாக்காய் அல்லது சிப்பிக்காளான். அதே விழுதை அரை கப் எண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, பிரிந்த எண்ணெயைத் தனியே எடுத்து வையுங்கள். தோய்ப்பதற்கு அதுதான். பிறகு காயைச் சேர்த்து நாற்பது நிமிடம் வேகவிடுங்கள்.

எல்லாம் செஞ்சேன், ஆனா கொழுப்பே மேல வரல. சாறு முழுக்க செங்கல் கரைச்ச மாதிரி கலங்கி இருக்கு. இனி என்ன பண்றது?

இரண்டில் ஒன்று நடந்திருக்கும். தளதளவென்று கொதித்ததாலோ, கெட்டியாக வரட்டும் என்று வெந்த சாற்றை மிக்ஸியில் அடித்ததாலோ கொழுப்பு சாற்றோடு கலந்துபோயிருக்கலாம். கரைந்த ஜெலட்டின் அதைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் கறியை எடுத்துவிட்டு, சாற்றை இரவு முழுவதும் அசைக்காமல் குளிரவையுங்கள். பெருமளவு மேலே வந்து உறையும். விருந்தாளிகள் வாசலில் நிற்கிறார்கள் என்றால் காத்திருக்க முடியாது. இரண்டு கரண்டி சாற்றை அரை கப் எண்ணெயோடு சின்ன வாணலியில் விட்டு, நீர் வற்றி எண்ணெய் சிவந்து பிரியும்வரை சிறு தீயில் வையுங்கள்.

கறியிலேயே கொழுப்பு இல்லாமல் போயிருக்கலாம் என்பது இரண்டாவது காரணம். எருமைக்கறிக்கும் வெறும் தொடைக்கறிக்கும் அப்படித்தான் நடக்கும். அப்போதும் இதே வாணலி வழிதான். அடுத்த முறை விழுதைக் கறியில் பிசறும்போதே நூறு கிராம் மாட்டுக்கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்த்துவிடுங்கள்.